பிற குறிப்புகள்

"அந்தப் பதினோரு மாடி பில்டிங்கோட ரெஜிஸ்டர் நாளைக்குக் காலையில என் மேசை மேல இருக்கணும்," என்றார் லிஃப்ட் கம்பெனி மேலாளர் போனில். "எட்டு மாசத்துல அறுபத்தெட்டு தடவை நின்னிருக்கு அந்த லிஃப்ட். ஏன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சரி சார்," என்றார் லிஃப்ட்காரர்.

லிஃப்ட் நின்றதற்காக அவர் பயப்படவில்லை. இருபது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர். நிற்கிற லிஃப்டைப் பார்த்து அவருக்கு என்ன பயம்? அவர் பயந்ததெல்லாம் அந்தப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தை நினைத்துத்தான்.

ஒவ்வொரு கட்டடத்திலும் மொட்டைமாடிக்கு மேலே இருக்கிற மெஷின் ரூமில் ஒரு பதிவேடு கிடக்கும். தேதி, கோளாறு, காரணம், செய்த வேலை, கையெழுத்து என்று குட்டிக் குட்டிக் கட்டங்கள். கடைசியில் மட்டும் 'பிற குறிப்புகள்' என்று தாராளமாக ஒரு பெரிய கட்டம். அச்சடித்தவர் என்ன நினைத்து அவ்வளவு இடம் விட்டாரோ, உலகத்தில் எந்த மெக்கானிக்கும் அதில் ஒரு கோட்டுக்கு மேல் போட்டதில்லை. லிஃப்ட்காரரும் போட்டதில்லை, எட்டு மாதம் முன்பு வரை.

இப்போது அதில் இப்படியெல்லாம் இருந்தது:

'கயிறுகள் நன்றாக இருக்கின்றன. பிரேக் நன்றாக இருக்கிறது. மச்சான் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்திருக்கிறார்.'

மூன்று வாரம் கழித்து: 'மோட்டாரில் சத்தம் இல்லை. மச்சான் கிளம்புகிற சத்தமும் இல்லை. சோபாவுக்கு ஐந்தாவது கால் முளைத்த மாதிரி இருக்கிறார்.'

அதற்கும் கீழே: 'எட்டாம் மாடிக் குழந்தை எல்லாப் பட்டன்களையும் அழுத்திவிட்டது. அதற்கு எந்த மாடியிலும் வேலை இல்லை. கொடுத்து வைத்த ஜென்மம்.'

எல்லாவற்றுக்கும் மேலாக, போன மாதம்: 'மேலாளர் போன் செய்தார். அவர் பேசி முடிப்பதற்குள் லிஃப்ட் தானாகவே சரியாகிவிட்டது.'

எழுத வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாள் பூராவும் மேலும் கீழும் போகிற மனிதர்களைப் பார்க்கிறோம், அதில் கால்வாசியையாவது எங்காவது இறக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில், காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுதுவது என்று ஒரு விதி போட்டார். அலாரம் அடித்தது. மனைவி எழுந்தாள், பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தார், அவருடைய நாய் எழுந்தது. அவர் எழவில்லை. பிறகு தினம் இரண்டு பக்கம் என்று ஒரு விதி. அது ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் பன்னிரண்டு பக்கம் பின்தங்கி நின்றது. கடைசியாக அட்டையில் பூப்போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். அதன் அழகைப் பார்த்தால் பேனாவை வைக்கவே மனம் வரவில்லை. இப்போது அதில் மனைவி தைக்க வருகிற துணிகளின் அளவுகளைக் குறித்து வைக்கிறாள்.

"எதுக்குங்க இவ்வளவு சட்டதிட்டம்?" என்று அவள்தான் ஒருநாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நான் என்ன மணி பார்த்தா பேசறேன்? தோணும்போது பேசறேன். நீங்களும் தோணும்போது, கையில கிடைச்சதுல, ரெண்டு வரி எழுதுங்க. நல்லா இருக்கணும்னுகூட அவசியம் இல்ல."

அந்த வாரம் மாதாந்திர சர்வீசுக்காக மெஷின் ரூமுக்குப் போனவர், வேலை முடிந்ததும் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். கையில் பேனா இருந்தது. எதிரே காலிக் கட்டம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்கத் தெரிந்தது. நாலு வரி எழுதினார். அடுத்த வாரம் அந்த லிஃப்ட் நின்றுபோயிற்று. பதினோரு மாடி படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்தபோது இன்னொரு நாலு வரி வந்தது. அப்புறம் அது நிற்கவே இல்லை. எழுத்தைச் சொல்கிறேன். லிஃப்ட் நின்றுகொண்டுதான் இருந்தது.

ஒவ்வொரு தடவையும் வாட்ச்மேன்தான் போன் செய்வார். குரலில் பதற்றமே இருக்காது. "சார், நின்னுடுச்சு. அவசரம் ஒண்ணும் இல்ல, நிதானமா வாங்க. பேனா வெச்சிருக்கீங்கல்ல?"

பொறுப்பான மனுஷன் என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொள்வார். அந்த லிஃப்டும் பொறுப்பானதுதான். ஒருநாளாவது ஆளை உள்ளே வைத்துக்கொண்டு நின்றதில்லை. கீழ்த்தளத்தில், காலியாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சமர்த்தாக நிற்கும். அவர் ஒன்பதாவது மாடியைத் தாண்டும்போதே மேலே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. 'காரணம்: தெரியவில்லை' என்று எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வருவார். 'இந்த லிஃப்டுக்கு நல்ல மனசு' என்றுகூட ஒருமுறை எழுதியிருக்கிறார்.

மேலாளர் பேசிய போனை வைத்த கையோடு பதிவேட்டை எடுத்துவரப் போனார். அவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்ததும் வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"எங்க சார் எடுத்துட்டுப் போறீங்க அதை?"

"ஆபீசுல கேக்கறாங்கண்ணே."

"திரும்ப வந்துடுமில்ல?"

"வரும்னு நினைக்கிறேன்."

"சரி சார்." வாட்ச்மேன் ஏதோ உறவுக்காரரை ஊருக்கு அனுப்புகிறவர் மாதிரி நின்றார். "மச்சான் கிளம்பிட்டாரா?"

"இல்லண்ணே, இருக்காரு," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார் லிஃப்ட்காரர். மச்சானைப் பற்றி இவரிடம் எப்போது சொன்னோம் என்ற யோசனை பாதி வழியில் வந்தது. போக்குவரத்து நெரிசலில் அது போய்விட்டது.

வீட்டில் முதல் வேலையாக, எழுத்தை அழிக்கிற வெள்ளை மையை எடுத்தார். ஒரு பாட்டில் மூன்று பக்கத்துக்குத்தான் வந்தது. பக்கங்கள் காய்ந்து அட்டை மாதிரி விறைத்தன. சோபாவில் சாய்ந்திருந்த மச்சான், உதவி செய்கிற எண்ணத்தில் கையை நீட்டி ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அட, இப்பதான் மாப்பிள்ளை எழுத்து எடுப்பாத் தெரியுது! 'மேலாளர் போன் செய்தார், அவர் பேசி முடிப்பதற்குள்'... யாரு எழுதினது? ரொம்ப நல்லா இருக்கே!"

லிஃப்ட்காரர் பிடுங்கிக்கொண்டார். சரி, அழித்தால்தானே தெரிகிறது, புதிதாகவே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தார். பையில் ஒரு புதுப் பதிவேடு இருந்தது. கடைசிக் கட்டத்தில் எல்லாம் கோடு போட்டு, மற்றதை மட்டும் பார்த்து எழுதினால் வேலை முடிந்தது. பழையதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். காரணம்: தெரியவில்லை. காரணம்: தெரியவில்லை. காரணம்: தெரியவில்லை.

"அறுபத்தெட்டு தடவை தெரியலன்னு எழுதினா, உங்களுக்கு வேலை தெரியலன்னு ஆயிடும் மாப்பிள்ளை," என்றார் மச்சான், கண்ணைத் திறக்காமலே. "எலின்னு போடுங்க. வயரைக் கடிச்சிடுச்சுன்னு. யாரு போய் எலிகிட்ட கேக்கப் போறா?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. நாலாவது பதிவில் எலி நுழைந்தது. பத்தாவது பதிவு வரைக்கும் எலி வயரை மட்டும்தான் கடித்தது. அதற்கு மேல் லிஃப்ட்காரரின் கை சும்மா இருக்கவில்லை. எட்டு மாதப் பழக்கம், விடுமா? இருபதாவது பதிவில் எலி ஒன்பதாம் மாடியிலிருந்து குடிபெயர்ந்து வந்ததாக இருந்தது. முப்பத்தொன்றில் அதற்கு ஒரு துணை கிடைத்தது. நாற்பத்து நாலாம் பதிவில், 'காரணம்' என்ற கட்டத்துக்குள் நெருக்கி நெருக்கி, 'தாயும் குட்டிகளும் நலம்' என்று எழுதிவிட்டு அவரே ஒரு நிமிடம் நெகிழ்ந்து உட்கார்ந்திருந்தார்.

அவர் எலிக் குடும்பத்தில் மூழ்கியிருந்த நேரத்தில் மனைவி பழைய பதிவேட்டை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் சோபாவுக்கு ஐந்தாவது காலா?"

லிஃப்ட்காரர் திருதிருவென விழித்தார். "அது வந்து..."

"நான் தைக்கும்போது ஊசியைவிட வாய் வேகமா ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. நான் அப்படியா பேசறேன்?"

"இல்லையா?"

அவள் யோசித்தாள். "பேசறேன்தான்," என்று ஒப்புக்கொண்டாள். "அதுக்காக எழுதறதா? பதினோரு மாடிக்கு மேல கொண்டுபோய் வெச்சா யாரும் படிக்க மாட்டாங்கன்னு நினைச்சீங்களா?"

"யாரும்மா படிக்கப் போறா? மெஷினும் நானும்தான் அங்க."

மச்சான் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மதிய நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த வீட்டில் இல்லை. "ஐந்தாவது காலா? நானா? கதையில வரேனா?" முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. "என்னைப் பத்தி ஒருத்தர் எழுதறது இதுதான் முதல் தடவை. ஞாயித்துக்கிழமை கிளம்பலாம்னு இருந்தேன் மாப்பிள்ளை. இனிமே எப்படிப் போறது? கதை பாதில நிக்குமே!"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் அவர்கள் இருவரும் ஒரே விஷயத்தை நினைத்தது அந்த ஒரு நொடியில்தான்.

சாயங்காலம் இன்னொரு சிக்கல் முளைத்தது. ஒவ்வொரு பதிவுக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாம் மாடியில் இருக்கிற அந்த அம்மா லிஃப்டே ஏறாதவர். உடம்புக்கு நல்லது என்று படியில்தான் போவார். எட்டு மாதமாகப் போகிற போக்கில் பாராமலே கையெழுத்துப் போட்டவர், இன்று அறுபத்தெட்டும் ஒன்றாக வந்து நின்றதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அறுபத்தெட்டு தடவையா நின்னிருக்கு?"

"அப்பப்ப மேடம்."

"எலியா?" பக்கத்தைத் திருப்பினார். "குட்டி வேற போட்டிருக்கா? நம்ம பில்டிங்லயா?"

கையெழுத்து எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. போட்டுவிட்டு மேலாளருக்கு போன் செய்தார்.

மறுநாள் வியாழக்கிழமை காலை, மேலாளர் புதுப் பதிவேட்டைக் கடைசி வரைக்கும் படித்தார். அது நல்ல அறிகுறி இல்லை. அவர் எதையும் கடைசி வரைக்கும் படிக்கிற ஆள் இல்லை.

"எட்டு மாசமா எழுதின ரெஜிஸ்டர். ஒரு எண்ணெய்க் கறைகூட இல்ல."

"சுத்தமா வெச்சிருப்பேன் சார்."

"இந்த எலி அஞ்சாம் மாசம் பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடி வீடு கட்டியிருக்கு. ஆறாம் மாசம் மனைவியோட கோவிச்சுக்கிட்டு எட்டாம் மாடிக்குப் போயிருக்கு. என்னய்யா இது?" அவர் பதிவேட்டை மூடி இழுப்பறையில் போட்டார். "நாளைக்குப் பத்தரை மணிக்கு நானே வந்து பார்க்கிறேன். எலி இருந்தா எலி. இல்லன்னா நீங்க. இனிமே ஒரு தடவை அந்த லிஃப்ட் நின்னாலும் சரி, அன்னையோட உங்களுக்கு இங்க வேலை இல்ல."

லிஃப்ட்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. லிஃப்டைத் தவிர வேறு எதுவும் தெரியாத கை. வேலை போனால் எங்கே போய் நிற்பது? பழைய பதிவேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, எழுத்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிடத் தீர்மானித்தார். கிழிக்கக் கையில் எடுத்தார். முதல் பக்கத்து நாலு வரியைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் ஆரம்பித்து, பாதியில் விடாமல், எட்டு மாதம் தொடர்ந்து செய்த ஒரே காரியம் அது. கண் கலங்கிவிட்டது. கிழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சீக்கிரமே போய் அதை மெஷின் ரூமில் எண்ணெய் டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மோட்டார், பிரேக், கயிறு, கதவு எல்லாவற்றையும் ஒருமுறைக்கு மூன்றுமுறை சோதித்தார். லிஃப்டிலேயே ஆறு தடவை ஏறி இறங்கினார். வெண்ணெயாக ஓடியது.

"இன்னைக்கு ஒரு நாள் நிக்காதே," என்று அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

சரியாகப் பத்தரைக்கு மேலாளர் வந்து இறங்கினார். வாசலில் வாட்ச்மேனின் நாற்காலி மட்டும்தான் இருந்தது. இருவரும் லிஃப்டை நோக்கி நடந்தார்கள். அது கீழ்த்தளத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலியாக, விளக்கோடு காத்திருந்தது. மேலாளர் காலை எடுத்து வைக்கப் போன நேரத்தில் விளக்கு அணைந்தது.

லிஃப்ட் நின்றுவிட்டது.

பக்கவாட்டில் இருந்த மீட்டர் அறைப் பக்கமிருந்து வாட்ச்மேன் கையைத் துடைத்துக்கொண்டு, காதில் போனை வைத்தபடி வந்தார். லிஃப்ட்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"அட, நீங்க வந்தாச்சா? இப்பதான் போன் போடறேன். நின்னுடுச்சு சார்."

"தெரியுது," என்றார் மேலாளர். "படி எங்க இருக்கு?"

நாலாவது மாடி வரைக்கும் மேலாளர் திட்டிக்கொண்டே ஏறினார். அதற்கு மேல் திட்டுவதா ஏறுவதா என்று வந்தபோது ஏறுவதைத் தேர்ந்தெடுத்தார். ஒன்பதாவது மாடியில் மேலே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. மெஷின் ரூமுக்குள் நுழைந்ததும் பெயிண்ட் டப்பாவின் மேல் பொத்தென்று உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த எண்ணெய் டின்னைப் பிடித்துக்கொண்டார். டின் நகர்ந்தது. பின்னால் இருந்த பதிவேடு அவர் மடியில் விழுந்தது.

"இது என்ன?"

மேலாளர் பிரித்தார். மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு பக்கம் படித்தார். மூச்சு சீராகியும் படித்தார். வெள்ளை மை பூசிய ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த மேலாளர் நானா?"

"...ஆமா சார்."

"நான் அவ்வளவு நேரமா பேசறேன்?"

லிஃப்ட்காரர் மோட்டாரைப் பார்த்தார். மோட்டார் ஒன்றும் சொல்லவில்லை.

மேலாளர் திரும்பவும் குனிந்துகொண்டார். இன்னும் பத்துப் பக்கம் போயிற்று. ஒருமுறை தொண்டையைச் செருமினார், ஒருமுறை தோள் குலுங்கியது. கடைசியில் கேட்டார். "லிஃப்ட் நிக்கறதால நீங்க எழுதறீங்களா, நீங்க எழுதறதால லிஃப்ட் நிக்குதா? அதைச் சொல்லுங்க."

"எனக்கே தெரியல சார்."

"பேனா குடுங்க."

போச்சு, வேலைநீக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு பேனாவைக் கொடுத்தார் லிஃப்ட்காரர். மேலாளர் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அன்றைய தேதியைப் போட்டு, கடைசிக் கட்டத்தில் மெதுவாக எழுதினார். எழுதி முடித்துக் காட்டினார்.

'பதினோரு மாடி ஏறினேன். முழங்காலுக்கு வயதாகிவிட்டது என்று ஆறாவது மாடியில் தெரிந்தது. இங்கிருந்து ஊர் அழகாக இருக்கிறது. என் அறையில் ஜன்னல் இல்லை.'

"சுமாரா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு சார்," என்றார் லிஃப்ட்காரர். மனதாரத்தான் சொன்னார்.

மேலாளர் எழுந்து பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "மெஷினை நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. உங்க மேல தப்பு இல்ல. நேத்து சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. அடுத்த தடவை நின்னா எனக்கும் ஒரு போன் போடுங்க."

"நீங்க எதுக்கு சார் சிரமப்பட்டு?"

"மச்சான் கிளம்பினாரா இல்லையான்னு எனக்கும் தெரிய வேணாமா?" என்று சொல்லிவிட்டு மேலாளர் லிஃப்டில் இறங்கிப் போனார். அது வெண்ணெயாக ஓடியது.

லிஃப்ட்காரர் கீழே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. வேலையும் தப்பித்தது, எழுத்தும் தப்பித்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரிடம் அத்தனையும் கொட்டினார்: ஐந்து மணி அலாரம், இரண்டு பக்கக் கணக்கு, பூப்போட்ட நோட்டு, கடைசியில் மேலாளர் எழுதிய நாலு வரி.

வாட்ச்மேன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கடைசில என்ன கண்டுபிடிச்சேன் தெரியுமாண்ணே?" என்றார் லிஃப்ட்காரர். "நேரம், கணக்கு, கட்டாயம் எதுவும் இருக்கக் கூடாது. விட்டுட்டா அது தானா வரும். எட்டு மாசமா எந்த விதியும் இல்லாமத்தான் தவறாம எழுதியிருக்கேன்."

"தானா வந்துச்சா? நல்லா இருக்கே நியாயம்!" என்றார் வாட்ச்மேன். "செவ்வாயும் வெள்ளியும் பத்தரை மணிக்கு, உள்ள ஆள் இல்லையான்னு பார்த்து, எட்டு மாசமா ஒரு நாள் விடாம மெயின் சுவிட்ச அணைச்சு, உங்களை எழுத மேல அனுப்பினவன் நான் சார்!"